கருப்பட்டி நிறத்தில் விழுந்தவர்கள்

எங்கள் சிப்பி அடுக்ககத்தின் இரண்டாம் மாடி வீட்டில், கூடத்துச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் பூசிய இரண்டு நிறங்களில் ஒன்று, தன் முன்னால் நிற்பவரின் நிழலை விட்டுவிட்டு அவர் நெஞ்சில் இருப்பவரின் நிழலைக் காட்டத் தொடங்கியபோது, அது எப்படி நடக்கிறது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. யாருக்கு யார் விழுந்தார்கள் என்றுதான் படிக்கட்டெல்லாம் பேச்சாக இருந்தது. இருண்ட சுவரில் நிழல் எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்பீர்கள். தெரிந்தது. வெள்ளைச் சுவரில் தெரிவதைவிடத் தெளிவாகவே தெரிந்தது, காதுத் தோடு முதற்கொண்டு.

அந்த வீடு ஆறுமுகநயினாருடையது. தூத்துக்குடியில் உப்பளத்தில் மேற்பார்வை பார்க்கிறவர், காலையிலிருந்து மாலை வரை வெள்ளைப் பாத்தியையும் வெள்ளைக் குவியலையும் அதன் மேல் அடிக்கும் வெயிலையும் பார்த்துப் பார்த்துக் கண் இடுங்கிப் போனவர், வீட்டுக்கு வந்தால் அங்கும் சுவர் வெள்ளையாக நிற்கிறதே என்று வருஷக்கணக்காகப் புலம்பிக்கொண்டிருந்தவர். "கண்ணு கொஞ்சம் படுக்கணும்ட்டி, அதுக்கு ஒரு சுவரு வேணும்," என்று மனைவி உலகம்மாளிடம் சொன்னார். எங்கள் ஊரில் கூடத்துக்கு இருண்ட நிறம் அடித்தால் வீட்டில் ஏதும் கெட்டது நடந்ததா என்று விசாரிக்க ஆள் வந்துவிடும். ஆனாலும் உலகம்மாள் சரியென்றாள். பிள்ளைகள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்ததால் வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான், இருட்டோ வெளிச்சமோ அவர்கள் பாடு.

பெயின்டர் சாலமோன் மாதிரிக்காக இரண்டு சின்ன டப்பாக்கள் கொண்டுவந்து, கூடத்துச் சுவரில் ஒரு கதவு அகலத்துக்கு ஒன்றும் அதை ஒட்டியே இன்னொன்றும் பூசிக் காட்டினான். டப்பாவின் மேல் இருந்த பெயர்கள் வாயில் நுழையாததால் இடது பக்கத்தைப் புளி என்றும் வலது பக்கத்தைக் கருப்பட்டி என்றும் அவனே பெயர் வைத்தான். புளியில் சிவப்பு கொஞ்சம் கூட, கருப்பட்டியில் கறுப்பு கொஞ்சம் கூட என்று அவன் சொன்னான். மற்றபடி பகலில் பார்த்தால் ஒன்றுபோல, சாயங்காலம் பார்த்தால் அதைவிட ஒன்றுபோல இருந்தன.

நயினார் எட்ட நின்று பார்த்துவிட்டுக் கருப்பட்டி என்றார்.

"ஏன் கருப்பட்டி?"

"சும்மாதான்."

சும்மா என்ற சொல்லை உலகம்மாள் என்றைக்குமே நம்பியதில்லை. அதிலும் அந்த வாரம் அவள் எதையுமே நம்பும் நிலையில் இல்லை, ஏனென்றால் எதிர்வீட்டு பெப்ரோனியா அக்கா கறிவேப்பிலை வாங்க வந்தவள், போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்: "ஒங்க வீட்டு அண்ணாச்சிய மீன் மார்க்கெட் திருப்பத்துல பாத்தேன். பைக்குல பின்னால ஒரு பொம்பள. நல்ல ஒசரம், பெரிய கொண்ட, தலைய நிமுத்திக்கிட்டு ராணி மாதிரி உக்காந்திருந்தா. ஒங்க சொந்தமா?" உலகம்மாள் அதைக் கணவரிடம் கேட்கவில்லை. கேட்டால் சும்மா என்று பதில் வரும், அதைக் கேட்கும் தைரியம் தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கொண்டையை மட்டும் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டு, சோறு வடிக்கும்போதும் துணி உலர்த்தும்போதும் அதை அவிழ்த்து அவிழ்த்து முடிந்துகொண்டிருந்தாள். அவர் கருப்பட்டி என்றதால் இவள் புளி என்றாள். சாலமோன் இருவரையும் பார்த்துவிட்டு, முடிவு பண்ணிக் கூப்பிடுங்க என்று போய்விட்டான்.

கருப்பட்டியில் முதலில் விழுந்தது பெப்ரோனியா அக்காவின் மகன். அக்கா புது நிறத்தைத் தொட்டுப் பார்க்கப் போனாள், மூலையிலிருந்த டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது, அவளுடைய குண்டு உருவம் விழ வேண்டிய இடத்தில் ஒல்லியான ஓர் ஆள் தலையில் ஹெல்மெட்டோடு நின்றான். "எம் புள்ள வந்து நிக்கான் உலகு, குவைத்துல இருந்து வந்து நிக்கான்," என்று சொல்லி, சுவரில் அவன் கன்னம் இருந்த இடத்தைத் தடவினாள். பக்கத்திலேயே புளியின் முன்னால் நகர்ந்து நின்றால் அவளுடைய நிழலே விழுந்தது. மறுபடி நகர்ந்தால் மகன். அன்று சாயங்காலம் முழுக்க அக்கா ஊஞ்சல்போல அங்கும் இங்கும் நகர்ந்துகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் கதவு சாத்தியிருந்த நேரம் குறைவு. அடுக்ககச் சங்கத்துச் செயலாளர் குலசேகரன், தன் நெஞ்சில் சங்கத்தைத் தவிர யாரும் கிடையாது என்று எங்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டுப் போய் நிற்க, மூன்றாம் மாடி தேவசகாயம் வாத்தியார் கைத்தடியோடு விழுந்தார். தண்ணீர் மோட்டார் விஷயத்தில் இருவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. அப்போதுதான் எங்களுக்கு ஒன்று விளங்கியது: இந்தச் சுவருக்குப் பிரியமும் பகையும் ஒன்றுதான், நெஞ்சில் யார் இடம் பிடித்திருக்கிறாரோ அவரைக் காட்டும், எப்படி இடம் பிடித்தார் என்று கேட்காது. விளங்கியது என்று சொன்னேனே தவிர, அதை ஞாபகம் வைத்துக்கொண்டவர் யாரும் இல்லை.

கல்யாணத் தரகர் ஒரு மாப்பிள்ளையை முந்திரி மக்ரூன் சாப்பிடக் கூப்பிடுவதுபோலக் கூட்டி வந்து அங்கே நிறுத்தினார். இடுப்பில் சாவிக்கொத்தோடு மாப்பிள்ளையின் அம்மா விழுந்தாள், பெண் வீட்டார் யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். வார்டு கவுன்சிலர் வந்தார். அவருக்கு யாருமே விழவில்லை. அவர் நகர்ந்து நகர்ந்து நின்று பார்த்தார், சுவர் சுவராகவே இருந்தது, கடைசியில் இந்த ஏரியாவில் வோல்டேஜ் சரியில்லை என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். "வாங்க, நெறம் நல்லாருக்கானு ஒரு வார்த்த சொல்லுங்க," என்று பெண்கள் தங்கள் கணவன்மாரை அழைத்து வருவதும், ஆண்கள் செருப்பைக் கழற்றும் சாக்கில் வாசலிலேயே நின்றுவிடுவதும் வழக்கமாகிப் போயின. முதல் மாடி இன்சூரன்ஸ்காரர் ஒருவர் மட்டும் வீட்டிலேயே முருகனை நினைத்துப் பழகி, பழகி, கண்ணை மூடிக்கொண்டு வந்து நின்றார். வேல் விழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவருடைய மேனேஜர்.

கடையில் அந்த நிறத்தைக் கேட்டுப் பெண்கள் போனார்கள், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க ஆண்கள் போனார்கள். திருப்பிக் கொடுக்காமல் அடித்துப் பார்த்த வீடுகளில் அவரவர் நிழல்தான் அவரவருக்கு விழுந்தது. அப்படியானால் கடைக்காரன் டப்பாவை மாற்றிவிட்டான் என்று சிலரும், கணவர் ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் கலந்துவிட்டார் என்று சிலரும் சந்தேகப்பட்டார்கள். நல்லவேளை, அந்தச் சுவரும் அந்த நிறமும் சேர்ந்தால்தான் நடக்கும் என்று ஒருவாறு முடிவானது. அதன்பின் எங்கள் அடுக்ககத்தில் பாதிப் பேர் மற்றப் பாதிப் பேரைப் பார்த்துச் சிரிக்கும்போது பல்லை மட்டும் காட்டினார்கள்.

இவ்வளவு கூட்டத்திலும் உலகம்மாள் காத்திருந்தது ஒரே ஓர் ஆளுக்காக. பகலில் ஆட்கள் தொல்லை தாங்காமல் கருப்பட்டியின் மேல் ஒரு போர்வையைத் தொங்கவிட்டிருப்பாள். சாயங்காலம் நயினார் வந்து, கால் கழுவி, சுவருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்ததும் போர்வையை ஒதுக்கிவிட்டு, டீயைக் கொண்டுவந்து கொடுத்து, அவரை ஒட்டி நின்றுகொள்வாள். டியூப்லைட் மூலையில் இருந்ததால் நிழல்கள் சாய்ந்து ஒன்றின் மேல் ஒன்று விழும். முதல் நாளே அது தெரிந்தது. உயரமான பெண், பெரிய கொண்டை, நிமிர்ந்த தலை. பக்கத்தில் குட்டையாக, பின்னல் போட்டு, இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு உலகம்மாள்.

நயினார் டீயைக் குடித்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாளும் அவள் வந்தாள், மூன்றாம் நாளும் வந்தாள், உப்பள லாரி வருகிற மாதிரி தவறாமல் வந்தாள். தன் நிழல் மட்டும் தன் நிழலாகவே விழுவதைப் பார்த்து உலகம்மாளுக்கு அழுகையோடு ஒரு பெருமையும் வந்தது. கள்ளம் இல்லாத நெஞ்சு, அதில் தன்னையும் தன் விதியையும் தவிர வேறு யாரும் இல்லை, அதனால்தான் தனக்குத் தன் நிழலே விழுகிறது என்று நினைத்துக்கொண்டாள். தனியாக ஒருநாள் அதன் முன்னால் நின்று பார்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சோதிக்க வேண்டியது அவரைத்தானே.

பெப்ரோனியா அக்காவும் ஒரு நாள் வாசலில் நின்று பார்த்துவிட்டாள். "அதே கொண்டதான்," என்று மெதுவாகச் சொன்னாள். அக்கா மெதுவாகச் சொன்னால் மொட்டைமாடி வரை கேட்கும்.

ஒரு சாயங்காலம் நயினார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நான் நல்லா யோசிச்சுப் பாத்தேன், புளியவே அடிச்சிருவோம்," என்றார்.

உலகம்மாளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. "கருப்பட்டினுல்லா சொன்னிய?"

"சொன்னேன். இப்ப புளி போதும்னு தோணுது."

"ஏன்?"

"சும்மாதான்."

"எனக்குக் கருப்பட்டிதான் வேணும். கூடம் பூரா வேணும். அடுக்களையிலயும் வேணும்."

"வேண்டாம்ட்டி. நான் சொன்னா கேளு."

"எதுக்குக் கேக்கணும்? மறைக்க என்ன இருக்கு ஒங்களுக்கு?"

அவர் அவளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடியும் அவளைப் பார்த்தார். மறுநாள் உப்பு வாரும் சீசன் என்று சொல்லி, இரண்டு சட்டையும் ஒரு துண்டும் எடுத்துக்கொண்டு உப்பளத்துக் கொட்டகைக்கே தங்கப் போய்விட்டார். "எந்த நெறம் வேணும்னாலும் அடி. முடிஞ்சதும் சொல்லு, வாரேன்," என்று படியில் நின்று சொன்னதை நாங்கள் எல்லாரும் கேட்டோம். சீசன் ஒவ்வொரு வருஷமும்தான் வருகிறது, ஒரு வருஷமும் இவர் கொட்டகையில் தங்கியதில்லை. அங்கே யார் இருப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியாதா என்ன. நாங்கள் உலகம்மாளைப் பார்த்த பார்வையில் பாதி இரக்கம், பாதி இனி என்ன நடக்கும் என்ற ஆவல். அதை இப்போது சொல்வதற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. உலகம்மாள் தன் அண்ணனுக்குப் போன் போட்டு, சுவர் முழுக்க அடித்தபின் ஆட்களோடு வந்து நிற்கச் சொன்னாள். எல்லார் முன்னாலும் அவரை நிறுத்தி, நாலு சுவரிலும் அந்தக் கொண்டையைக் காட்டி, அதோடு பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். பெட்டி கட்டிலுக்கு அடியில் தயாராக இருந்தது.

சாலமோன் ஒரு காலையில் கருப்பட்டி வாளியோடும் ஏணியோடும் வந்தான். சாமான்களை நடுவில் நகர்த்தி, பழைய சேலை போட்டு மூடி, வெளிச்சம் போதாது என்று டியூப்லைட்டைப் போட்டான். "அந்தப் போர்வைய எடுங்கக்கா," என்றான். உலகம்மாள் இரண்டு கையையும் தூக்கிப் போர்வையை இழுத்தாள்.

சுவரில் உயரமான பெண் ஒருத்தி இரண்டு கையையும் தூக்கிப் போர்வையை இழுத்துக்கொண்டிருந்தாள். பெரிய கொண்டை, நிமிர்ந்த தலை.

உலகம்மாள் கையை இறக்கினாள். அவளும் இறக்கினாள். உலகம்மாள் ஓரடி பின்னால் வைத்தாள். அவளும் வைத்தாள். கூடத்தில் நயினார் இல்லை. நாற்காலி நடுவில் சேலைக்கு அடியில் கிடந்தது. சாலமோன் ஏணிக்கு அந்தப் பக்கம் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தான். பின்னல் போட்ட, குட்டையான, இடுப்பில் கை வைத்த அந்த நிழலை உலகம்மாள் சுவர் முழுக்கத் தேடினாள். புளியின் பக்கம் நகர்ந்தபோதுதான் அது கிடைத்தது. கருப்பட்டிக்குத் திரும்பினால் அதைக் காணோம், கொண்டைதான் நின்றது. பின்னல் போட்ட அந்த நிழல் இத்தனை நாளும் தன்னிடமிருந்து விழவில்லை என்பது அவளுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. பெயின்ட் வாளியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அடிக்கவாக்கா?" என்றான் சாலமோன்.

"பொறு," என்றாள். போனை எடுத்தாள். "கொஞ்சம் வீட்டுக்கு வாரியளா," என்று மட்டும் சொன்னாள்.

நயினார் காலில் உப்பு வெள்ளையோடு அப்படியே வந்தார். அதற்குப் பிறகு நடந்ததைச் சாலமோன் எங்களுக்குச் சொன்னான், அவன் சொன்னதை நம்பாதவர்கள் எங்களில் பாதிப் பேர். நீங்களும் உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள்.

"அங்க போய் நில்லுங்க," என்று உலகம்மாள் அடுக்களை வாசலில் நின்றபடி சொன்னாள். அவர் போய் நின்றார். டியூப்லைட் எரிந்தது. கருப்பட்டியில் குட்டையாக ஒரு பெண் விழுந்தாள், பின்னல், இடுப்பில் ஒரு கை, கேள்வி கேட்பதுபோலச் சாய்ந்த தலை.

உலகம்மாள் இடுப்பில் இருந்த தன் கையைக் குனிந்து பார்த்தாள். பிறகு, "எல்லா நாளும் நாந்தானா?" என்றாள்.

"வேற யாரு?"

"அப்ப ஏன் புளினு மாத்திச் சொன்னிய?"

நயினார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ பக்கத்துல வந்து நின்னாத்தான் அந்தப் பொம்பள வந்தா. நீ அடுக்களைக்குப் போனா அவளும் போயிருவா. அது ஒன் நெஞ்சுல இருந்து வருதுனு ரெண்டு நாள்லயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஊரு பூரா வந்து பாக்குற சுவரு. ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் நீ மட்டும் நிக்கும்போது யாராவது பாத்தா, புருஷன சந்தேகப்பட்டு நெஞ்சுக்குள்ள ஒருத்திய வச்சிருக்கானு ஒன்னப் பேசுவாவ. அத எதுக்குக் காட்டணும்? அதான் மூடிருவோம்னு பாத்தேன். நீ பிடிவாதம் பிடிச்ச, சண்ட வேண்டாம்னு கொட்டகைக்குப் போனேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா."

"நீயும் எங்கிட்டக் கேட்டிருக்கலாம்."

அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கோபம் போன அழுகையா, கோபம் தன் பக்கம் திரும்பிய அழுகையா என்று சாலமோனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அழுது முடித்ததும் கேட்டாள், இத்தனை நாள் கேட்காததை இப்போது சாதாரணமாகக் கேட்டாள்: "யாரு அவ?"

"அன்னக்கனி. உப்பு வாருதவ. பாத்தியில கால அறுத்துக்கிட்டா, உப்புத் தண்ணி உள்ள போயி சீழ் வச்சிருச்சு. நடக்க முடியல. ஆஸ்பத்திரி வர கொண்டு விட்டேன்."

"ராணி மாதிரி நிமுந்து உக்காந்திருந்தாளாமே."

"வலியில பல்லக் கடிச்சிட்டு உக்காந்தா தலை நிமுந்துதான் இருக்கும்."

உலகம்மாள் எழுந்து, அவரை நகரச் சொல்லிவிட்டு, கருப்பட்டியின் முன்னால் கடைசியாக ஒரு தடவை போய் நின்றாள். அதே உயரம், அதே கொண்டை. ஆனால் அந்தப் பெண் இப்போது ஒரு காலைத் தரையில் ஊன்ற முடியாமல் லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் எதையாவது பிடிக்க முடியுமா என்று ஒரு கையை நீட்டியபடி நின்றாள். உலகம்மாளின் கைகள் இரண்டும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன.

"புளிய அடிச்சிரு தம்பி," என்றாள் சாலமோனிடம். "கருப்பட்டி மேலயும் சேத்து."

வாளியை மாற்றிக் கொண்டுவரக் கடைக்குப் போன சாலமோனைப் படிக்கட்டில் மறித்து நாங்கள் கேட்டுக்கொண்டதுதான் மேலே சொன்ன அத்தனையும். பெப்ரோனியா அக்கா அவன் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நேரே உலகம்மாளிடம் போய், கருப்பட்டிதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்ன நீ, திடீர்னு புளிக்கு மாறிட்டியே, என்ன விஷயம் என்று கேட்டாள்.

"சும்மாதான்க்கா," என்றாள் உலகம்மாள்.

இப்போது எங்கள் அடுக்ககத்தில் எல்லாருக்கும் உலகம்மாள் மேல் ஒரு கண். எதையோ மறைக்கத்தான் நிறத்தை மாற்றினாள், அவளுக்கு யார் விழுந்திருப்பார்கள் என்று இன்றுவரை பேச்சு ஓயவில்லை. அவள் அண்ணனுக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள், பெட்டியில் இருந்த சேலைகளை எடுத்து அலமாரியில் அடுக்கிவிட்டாள். கூடம் இரண்டு பூச்சுப் புளி நிறத்தில் இருண்டு, கதகதப்பாக, நிற்பவர் நிழலை நிற்பவருக்கே கொடுத்துவிட்டு அமைதியாக இருக்கிறது. நயினார் அதற்கு எதிரே உட்கார்ந்து கண்ணைப் படுக்கவிட்டபடி டீ குடிக்கிறார்.

சுவர் அடித்து முடிந்த மறுநாள் காலை அவர் வேலைக்குக் கிளம்பும்போது, உலகம்மாள் வழக்கமான தூக்குச்சட்டியோடு இன்னொரு சின்னத் தூக்குச்சட்டியையும் பைக்கில் மாட்டிவிட்டாள். "கஞ்சியும் துவையலும் இருக்கு, அவளுக்குக் குடுங்க," என்றாள். பைக் கிளம்பித் திருப்பத்துக்குப் போன பிறகு, பால்கனிக்கு ஓடிவந்து, நாங்கள் எல்லாரும் கேட்கும்படியாகவே சத்தம் போட்டுச் சொன்னாள்: "அந்தக் கால் ஆறிட்டானு கேட்டுட்டு வாங்க."